அணைத்த கணினி ஏன் தானாக விழிக்கிறது? ஒரு பொத்தானின் வரலாறு

“டீச்சர், சத்தியமா நான் அந்தக் கம்பியூட்டர தொடவே இல்ல. தரையைத் துடைச்சேன், குப்பையை எடுத்தேன், கதவைப் பூட்டிட்டுப் போயிட்டேன். அவ்வளவுதான்.”

எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் கண்கலங்கிச் சொன்ன வார்த்தைகள் இவை. மொழிப் பாடக்குழு அறையில் இருந்த ஒரு கணினியில் எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வின் வினாத்தாள்கள் இருந்தன. மாலையில் முறையாக அணைத்துவிட்டுப் போன அந்தக் கணினி, இரண்டு வெவ்வேறு நாள்களில், காலையில் வந்து பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தது. அறைச் சாவி கடைசியாக யாரிடம் இருந்தது? அந்த அக்காவிடம். பிறகு என்ன, “கம்பியூட்டர் தானா ஆன் ஆகுமா? யாரோ கேள்வித்தாளைப் பார்த்திருக்காங்க” என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

கணினி தானாக ஆன் ஆகுமா? ஆகும். ஒன்றல்ல, பல காரணங்களால் ஆகும். அந்தக் காரணங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1980களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கணினிக்குள் சேர்க்கப்பட்டவை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நல்ல நோக்கத்துக்காகத்தான் சேர்த்தார். அந்த வரலாறு தெரிந்தால் பேயையும் பிசாசையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. பாவப்பட்ட மனிதர்களையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சுவிட்ச் என்றால் சுவிட்ச்தான்

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் ‘பெர்சனல் கம்பியூட்டர்’ஐ அறிமுகம் செய்தது. இன்று நம் மேசையில் இருக்கும் பெரும்பாலான கணினிகளின் மூதாதை அதுதான். அதன் வலப்பக்கத்தில், பின்புறத்தை ஒட்டி, சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் கணினி ஓடும். கீழே தள்ளினால் நின்றுவிடும்.

அந்த சுவிட்ச் நம் வீட்டு விளக்கு சுவிட்சைப் போன்றது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் பாதையை அது நேரடியாகத் துண்டித்தது. அணைத்துவிட்டால் உள்ளே ஒரு துளி மின்சாரமும் போகாது. கணினி முழுக்கச் செத்த பொருள். அதைத் திரும்ப ஓடவைக்க மனிதக் கை ஒன்றால் மட்டுமே முடியும். அந்தக் காலத்தில் யாராவது “அணைத்த கணினி ஓடுகிறது” என்றால், “யார் போட்டது?” என்று கேட்பது சரியான கேள்விதான்.

முழுக்கச் செத்துப்போவதில் ஒரு குறை இருந்தது. கணினிக்கு நேரம் தெரியாது. ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் “இன்றைய தேதி என்ன? மணி என்ன?” என்று திரையில் கேட்கும். நாம் தட்டச்சு செய்ய வேண்டும். சலித்துப்போய் வெறுமனே என்டரைத் தட்டியவர்கள் ஏராளம். அப்படித் தட்டினால் கோப்புகளில் தவறான தேதி பதிவாகும்.

பெட்டிக்குள் ஒரு கடிகாரம்

அந்தக் குறையைப் போக்க, 1984இல் வந்த ஐபிஎம் ‘ஏடி’ கணினியில் ஒரு கடிகாரச் சில்லு சேர்க்கப்பட்டது. மோட்டோரோலா தயாரித்த சில்லு அது. பக்கத்தில் ஒரு சிறிய மின்கலம். கணினியை அணைத்தாலும் அந்த மின்கலத்தின் தயவில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு சிறிய படிகம். அது ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? 2ஐ 15 முறை பெருக்கினால் 32,768 வரும். ஆகவே அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். அதாவது, விநாடிக்கு ஒரு துடிப்பு. இன்றைய கணினித் தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் ஒரு வெள்ளி நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் இருக்கிறதே, அது இந்த வேலையைத்தான் செய்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ‘அணைந்த’ கணினிக்குள் முதன்முறையாக ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது. இரண்டு, அந்தச் சில்லில் அலாரம் வைக்கும் வசதியும் இருந்தது. ஆனால் 1984இல் அந்த அலாரம் அடித்தாலும் கணினி எழுந்திருக்க முடியாது. ஏனென்றால் வாசலில் அந்தப் பெரிய சுவிட்ச் இன்னும் மின்சாரத்தை மறித்துக்கொண்டு நின்றது.

அணைப்பதற்கு முன் கொஞ்சம் பொறு

அடுத்த பிரச்சினை அணைப்பதில் வந்தது. கையால் தட்டி அணைக்கும் சுவிட்சுக்குப் பொறுமை கிடையாது. பாதி எழுதிய கோப்பு சேமிக்கப்பட்டதா இல்லையா என்று அது பார்க்காது. பட்டென்று மின்சாரத்தை நிறுத்திவிடும். செய்த வேலை போச்சு.

இதற்கு ஆப்பிள் நிறுவனம் ஒரு மாற்று வழியைக் கண்டது. 1983இல் வெளிவந்த அதன் ‘லிசா’ கணினியில் இருந்த பொத்தான் மின்சாரத்தை உடனே துண்டிக்கவில்லை. “பயனர் நிறுத்த விரும்புகிறார்” என்ற செய்தியை மட்டும் கணினிக்குச் சொன்னது. கணினி திறந்திருந்த ஆவணங்களைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, பிறகு தானே அணைந்துகொண்டது. லிசா விலை அதிகம், சந்தையில் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் நிலைத்தது. 1987இல் வந்த மெக்கின்டாஷ் 2 கணினியை விசைப்பலகையில் இருந்த ஒரு விசையை அழுத்தியே ஓடவைக்க முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். விசைப்பலகையின் ஒரு விசையால் கணினியை எழுப்ப முடியும் என்றால், அந்த விசையைக் கவனித்துக்கொண்டு உள்ளே ஏதோ ஒரு பகுதி விழித்திருக்க வேண்டும் அல்லவா? கோப்பைக் காப்பாற்ற வந்த வசதி, கணினிக்குள் ஒரு காவல்காரரையும் கூட்டி வந்துவிட்டது.

ஐபிஎம் வழிவந்த கணினிகளில் இந்த மாற்றம் தாமதமாகவே நடந்தது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95ஐப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ‘ஷட் டவுன்’ கொடுத்த பிறகு, கறுப்புத் திரையில் மஞ்சள் கலந்த எழுத்துகளில், இப்போது கணினியை அணைக்கலாம், ஆபத்தில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரும். மென்பொருள் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அதற்கு மனிதர்தான் வந்து சுவிட்சைத் தட்ட வேண்டும். இரண்டு காலங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட ஒரு செய்தி அது.

மின்சாரத்தைச் சேமிக்க வந்த தூக்கம்

இதே காலத்தில் இன்னொரு கவலையும் வளர்ந்தது. அலுவலகங்களில் கணினிகள் பெருகின. இரவிலும் வார இறுதியிலும் அவை சும்மா ஓடிக்கொண்டிருந்தன. 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ என்ற முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முத்திரை பெற்ற முதல் பொருள்கள் கணினிகளும் கணினித் திரைகளும்தான். பயன்படுத்தாத நேரத்தில் 30 வாட்டுக்குமேல் மின்சாரம் எடுக்காத தூக்க நிலைக்குக் கணினி போக வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. 1993இல் அதிபர் பில் கிளின்டன், அமெரிக்கக் கூட்டரசு அலுவலகங்கள் வாங்கும் கணினிகள் இந்த நிபந்தனையை நிறைவுசெய்ய வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்கும்போது தயாரிப்பாளர்கள் மறுப்பார்களா?

அதே 1992இல் இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து, இயங்குதளமும் கணினியும் மின்சாரத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு நெறிமுறையை வெளியிட்டன. ‘ஏபிஎம்’ என்பது அதன் பெயர். கணினிக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்தார்கள். தூங்கக் கற்றுக்கொண்டது, விழிக்கவும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?

1995: சுவிட்ச் பொத்தானாக மாறியது

இந்த ஓடைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த ஆண்டு 1995. அந்த ஆண்டு இன்டெல் நிறுவனம் ‘ஏடிஎக்ஸ்’ என்ற புதிய வடிவமைப்பை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு, திருகாணி இருக்கும் இடம், பவர் சப்ளை பெட்டியின் கம்பிகள் என்று எல்லாவற்றையும் அது வரையறுத்தது. நம் கதைக்கு முக்கியமானவை இரண்டே இரண்டு கம்பிகள்.

முதலாவது, ஊதா நிறக் கம்பி. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், இந்தக் கம்பியில் எந்நேரமும் 5 வோல்ட் மின்சாரம் இருக்கும். இரண்டாவது, பச்சை நிறக் கம்பி. தாய்ப்பலகை இந்தக் கம்பியைத் தரையிணைப்போடு சேர்த்தால் பவர் சப்ளை முழுவதுமாக ஓடத் தொடங்கும். சேர்ப்பை விட்டால் நின்றுவிடும்.

இப்போது முன்பக்கத்தில் நாம் அழுத்தும் பொத்தான் என்ன செய்கிறது? அது மின்சாரத்தைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் அழைப்புமணி மாதிரி அது. “யாரோ வந்திருக்கிறார்” என்று தாய்ப்பலகைக்குச் சொல்கிறது. கதவைத் திறப்பது தாய்ப்பலகையின் வேலை.

இதில் பாதுகாப்பு நன்மையும் உண்டு. அதற்கு முந்திய பல கணினிகளில், முன்பக்க சுவிட்ச் வரைக்கும் சுவர் மின்சாரத்தைச் சுமந்த தடித்த கம்பி பெட்டிக்குள் ஓடியது. பெட்டியைத் திறந்து கை வைப்பவருக்கு அது ஆபத்து. புதிய முறையில் பொத்தானுக்குப் போவது மெல்லிய கம்பி. அதில் இருப்பது சிறிய மின்னழுத்தம்.

மாணவர்களே, வரலாற்றில் திருப்புமுனை என்று படிக்கிறோமே, இது அப்படி ஒன்று. அதுவரை கணினியை ஓடவைக்கும் அதிகாரம் மனிதக் கையிடம் இருந்தது. 1995க்குப் பிறகு அந்த அதிகாரம் தாய்ப்பலகைக்குப் போனது. அழைப்புமணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

யார் யார் எழுப்பலாம்?

அடுத்த சில ஆண்டுகளில் மணியடிக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள்.

முதலில் கடிகாரம். 1984இல் அடித்தும் பயனில்லாமல் போன அலாரம் இப்போது வேலை செய்தது. “தினமும் காலை 7 மணிக்கு எழு” என்று பயோஸ் அமைப்பில் எழுதிவைத்தால், கணினி சொன்ன நேரத்துக்கு எழும்.

அடுத்து தொலைபேசி. அன்று மோடம் வழியாகத் தொலைநகல் வரும். இரவெல்லாம் கணினியை ஓடவிடாமல், மணி அடிக்கும்போது மட்டும் எழுந்து தொலைநகலைப் பெற்றுக்கொள்ள ஒரு வசதி வந்தது.

மூன்றாவது நெட்வொர்க். பெரிய அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கணினிகள். அவற்றுக்கு இரவில் புதிய மென்பொருள் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாக நடந்துபோய் பொத்தானை அழுத்த முடியுமா? 1990களின் நடுவில் ஏஎம்டி நிறுவனம் ‘மேஜிக் பாக்கெட்’ என்ற உத்தியை முன்வைத்தது. பிற்பாதியில் இன்டெல், ஐபிஎம் கூட்டணி ‘வேக் ஆன் லேன்’ என்ற பெயரில் இந்த வசதியைப் பரப்பியது. அந்த மேஜிக் பாக்கெட்டில் மாயம் ஒன்றும் இல்லை. 255 என்ற எண் 6 முறை. அதன்பின் எழுப்ப வேண்டிய கணினியின் நெட்வொர்க் முகவரி 16 முறை. முகவரியின் நீளம் 6 பைட். ஆக 6 + (16 × 6) = 102 பைட். அணைந்த கணினியின் நெட்வொர்க் அட்டை ஊதாக் கம்பியின் மின்சாரத்தில் விழித்திருந்து, தன் பெயர் 16 முறை அழைக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான்காவது விசைப்பலகையும் மௌஸும். சில கணினிகளில் மௌஸை லேசாக அசைத்தாலே போதும்.

ஐந்தாவது, மின்சாரமே. நம் கதைக்கு மிகவும் தேவையானது இதுதான். பழைய பெரிய சுவிட்சுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது தன் நிலையை நினைவில் வைத்திருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், சுவிட்ச் மேலே இருந்த கணினி தானாக ஓடும். கீழே இருந்த கணினி ஓடாது. புதிய பொத்தானுக்கு அந்த நினைவு இல்லை. அழுத்தினால் அமுங்கும், விட்டால் திரும்பும். அதனால் ஒரு சங்கடம் வந்தது. இரவில் மின்வெட்டு ஏற்பட்டு மின்சாரம் திரும்பினால், எந்நேரமும் ஓட வேண்டிய சர்வர் கணினிகள் எழாமல் அப்படியே கிடக்கும். ஆகவே பயோஸ் அமைப்பில் ஒரு தேர்வைச் சேர்த்தார்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும்: அணைந்தே இருக்க வேண்டுமா, ஓட வேண்டுமா, முன்பு இருந்த நிலைக்குப் போக வேண்டுமா? இந்த மூன்றில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

‘அணைத்தல்’ என்ற சொல்லுக்குப் பல பொருள்

இத்தனை வகைத் தூக்கமும் விழிப்பும் வந்த பிறகு, ‘அணைத்தல்’ என்ற ஒரே சொல் போதவில்லை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ‘ஏசிபிஐ’ என்ற புதிய நெறிமுறையை வெளியிட்டன. அது கணினியின் நிலைகளுக்கு எண் கொடுத்தது. எஸ்0 என்றால் முழு விழிப்பு. எஸ்3 என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும் தூக்கம். எஸ்4 என்றால் எல்லாவற்றையும் வன்தட்டில் எழுதிவிட்டு உறங்கும் நிலை. நாம் ‘ஹைபர்நேட்’ என்கிறோம். எஸ்5 என்பதற்கு ‘சாஃப்ட் ஆஃப்’ என்று பெயர். நாம் அணைத்துவிட்டோம் என்று நினைக்கும் நிலை இதுதான்.

அதற்கும் அப்பால் இன்னொரு நிலை உண்டு: ‘மெக்கானிக்கல் ஆஃப்’. பிளக்கைப் பிடுங்கிவிட்ட நிலை. 1981இல் சாதாரணமாக ‘ஆஃப்’ என்று சொல்லப்பட்ட அதே நிலைக்கு 1996இல் தனிப்பெயர் வைக்க வேண்டியதாகிவிட்டது. ஒரு சொல்லின் பொருள் மாறும்போது சமுதாயம் என்ன மாறியது என்று பார்க்கலாம் என்பார்கள். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

பொத்தானில் உள்ள குறியும் இதே கதையைச் சொல்கிறது. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் குறியீடுகளில் நேர்கோடு என்றால் ஓடுகிறது. வட்டம் என்றால் அணைந்தது. மேலே வாய் திறந்த வட்டத்துக்குள் கோடு நுழைந்தால் காத்திருப்பு நிலை என்று பொருள். 2004இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட 1621ஆம் தரநிலை, இந்தக் காத்திருப்புக் குறியையே பொதுவான ‘பவர்’ குறியாகப் பயன்படுத்தலாம் என்றது. ஆக, நாம் தினமும் அழுத்தும் பொத்தானில் இருக்கும் குறியின் பழைய பொருளே ‘காத்திருக்கிறேன்’ என்பதுதான்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இன்னொரு குழப்பம் சேர்ந்தது. கணினி வேகமாக எழ வேண்டும் என்பதற்காக, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதியை வன்தட்டில் சேமித்துவைத்துக்கொள்ளும் முறை வந்தது. இதற்கு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று பெயர். இதன் விளைவு வேடிக்கையானது: ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுதாகப் புதிதாகத் தொடங்காது, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுதாகத் தொடங்கும்.

அந்த ஒரு வாட்

அணைத்த கருவிகள் எடுக்கும் மின்சாரம் உலக நாடுகளின் கவனத்துக்கும் வந்தது. 1999இல் அனைத்துலக எரிசக்தி முகமை, காத்திருப்பு நிலையில் எந்தக் கருவியும் 1 வாட்டுக்குமேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு, அலுவலகக் கருவிகளுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது. அணைந்த நிலையில் 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் என்று வரம்பு வைத்தது.

ஒரு வாட் என்ன பெரிய காசு என்று கேட்கலாம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். 1 வாட் வீதம் ஒரு கணினி 8.76 யூனிட் எடுக்கும். 30 கணினிகள் உள்ள ஒரு கணினிக்கூடத்துக்கு அது 262.8 யூனிட். யாரும் பயன்படுத்தாமலே போகும் மின்சாரம் இது.

காரணத்தைத் தேடும் வழி

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயை அறிந்து, நோயின் காரணத்தை அறிந்து, அதன்பிறகு தீர்க்கும் வழியை அறியச் சொல்கிறது. கணினிக்கும் அதே வரிசைதான். எடுத்தவுடனே பாகத்தை மாற்றக் கூடாது.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ‘ஈவண்ட் வியூவர்’ என்ற பதிவேடு உண்டு. கணினி எப்போது தொடங்கியது, எப்போது அணைந்தது என்று அதில் இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்திருந்தால், யார் எழுப்பினார் என்ற குறிப்பும் பல வேளைகளில் இருக்கும்.

பிறகு அந்த நேரங்களில் ஒழுங்கு இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் ஒரே நேரம் என்றால், பயோஸில் உள்ள அலாரத்தைப் பாருங்கள். கணினி தூக்க நிலையில் இருந்திருந்தால், குறித்த நேரத்தில் எழுப்பும்படி விண்டோஸில் ஏதாவது வேலை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடிமழை பெய்த இரவு அல்லது கரண்ட் போய் வந்த நேரம் என்றால், மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற பயோஸ் தேர்வைப் பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லை என்றால், ஓரிரவு நெட்வொர்க் கம்பியை மட்டும் கழற்றிவைத்துப் பாருங்கள். மறுநாள் இரவு விசைப்பலகையையும் மௌஸையும் கழற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் தானாக எழுந்தால், முன்பக்கப் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கலாம். அதன் கம்பிகள் உரசலாம். அல்லது பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம். அங்கே நாம் நிறுத்திக்கொண்டு தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பயோஸ் அமைப்பைச் சரிசெய்த பிறகும் அது பழையபடி மாறிக்கொண்டே இருந்தால், அந்த நாணய மின்கலம் தீர்ந்திருக்கலாம்.

மீண்டும் அந்த அறைக்கு

இனி எங்கள் பள்ளிக் கதைக்கு வருவோம். பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். முதல் நாள் கணினி தொடங்கிய நேரம் விடியற்காலை 2.17. இரண்டாம் நாள் 3.42. அக்கா மாலையிலேயே வீட்டுக்குப் போய்விடுவார். அதைவிட முக்கியம், இரண்டு இரவுகளிலும் கணினி எழுந்த பிறகு யாரும் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையவில்லை. மறுநாள் காலையில் ஆசிரியர் ஒருவர் நுழைந்ததுதான் அடுத்த பதிவு.

ஆனால் ஒரே ஒரு சான்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நாமே மாணவர்களுக்குச் சொல்கிறோமே. ஆகவே பள்ளிப் பாதுகாவலரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினோம். முதல் நாளில் 2.15க்கும் இரண்டாம் நாளில் 3.40க்கும் “லைட் போய் வந்தது” என்று எழுதியிருந்தார். இரண்டு நிமிட வித்தியாசம் இரண்டு இரவிலும் ஒன்றுபோல இருந்தது. அவருடைய கடிகாரமும் கணினியின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று இரண்டு நிமிடம் விலகி ஓடின, அவ்வளவுதான்.

அந்தக் கணினி முன்பு பள்ளி முகப்பில் அறிவிப்புத் திரையை ஓட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்தால் தானாக ஓட வேண்டும் என்று அப்போது யாரோ அமைத்திருக்கிறார்கள். பாடக்குழு அறைக்கு வந்த பிறகும் அந்த அமைப்பு மாறவில்லை. முன்பெல்லாம் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவோம். புதிய பிரிண்டரை அதே இணைப்பில் செருகிய பிறகு அந்தப் பழக்கம் நின்றுபோனது. பழைய கட்டளை மீண்டும் உயிர்பெற்றுவிட்டது.

துணைத் தலைமையாசிரியர் முன்னிலையில் கணினியை முறைப்படி அணைத்தோம். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டோம். யாரும் பொத்தானைத் தொடவில்லை. கணினி எழுந்தது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்றே அவர் அக்காவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: “அப்போ தினமும் அந்த சொவரு சுவிட்ச நான் அடைச்சிட்டுப் போகவா டீச்சர்?” வேண்டாம், அது எங்கள் வேலை என்றேன். பயோஸ் தேர்வை மாற்றினோம். வினாத்தாள்களைக் கடவுச்சொல் போட்ட தனி வட்டுக்கு மாற்றினோம். வினாத்தாளை அந்தக் கணினியில் அப்படியே விட்டுவைத்தது எங்கள் தவறு. அதற்கான பழி மட்டும் அந்த அக்காமீது விழுந்திருந்தது.

தானாக விழிக்கும் கணினி யாருடைய பேச்சையும் மீறவில்லை. எப்போதோ ஒருவர் கொடுத்த கட்டளையை அது இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. கட்டளை கொடுத்தவர் மறந்துவிட்டார்; இயந்திரம் மறக்கவில்லை. ஆகவே அடுத்த முறை அப்படி நடந்தால், “யார் இங்கே இருந்தது?” என்று கேட்பதற்கு முன்னால், “எப்போது, எதற்காக இது இப்படி அமைக்கப்பட்டது?” என்று கேட்போம்.

மாணவர் சிந்தனைக்கு

1. 1981இல் இருந்த சுவிட்சுக்கும் 1995க்குப் பிந்திய பொத்தானுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.

2. ‘ஒரு பிரச்சினைக்கான தீர்வே அடுத்த பிரச்சினைக்குக் காரணமாகிறது.’ இக்கட்டுரையிலிருந்து மூன்று சான்றுகள் தந்து விளக்குக.

3. கணினியின் பதிவேடு, பாதுகாவலரின் குறிப்பேடு ஆகிய இரண்டும் வரலாற்றுச் சான்றுகளாக எவ்வாறு ஒன்றையொன்று உறுதிப்படுத்தின? இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும்?

4. உங்கள் வீட்டில் ‘அணைத்த’ பிறகும் மின்சாரம் எடுக்கும் கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுக.